ராஜாவின் அங்கியில் எண்ணெய்க் கறை

அன்று எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் ராதிகா, அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருக்கும் பாலகுரு, பள்ளி வேன் டிரைவர் செய்கு முகம்மது, என் மகன் முரளிதரன். ஆறாவது ஆள் கிடையாது. பேத்தி ஷ்ருதி கீழ் வீட்டில் டியூஷனில் இருந்தாள். என் பெயரை எழுதுவதற்கு முன்பாகவே இதை எழுதச் சொன்னேன். ஏனென்றால் இருந்தவர்களில் சிலர் இப்போது இல்லாதவர்களைப் போலப் பேசுகிறார்கள்.

என் பெயர் நாகவள்ளி. வயது அறுபத்தேழு. காலஞ்சென்ற அம்மையப்பனின் மனைவி. சொந்த ஊர் காஞ்சிபுரம். தற்சமயம் அஜ்மானில் மகன் வீட்டில், அவன் எடுத்துக் கொடுத்த விசாவில் இருந்து வருகிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு வைக்க மாட்டேன். நான் சொல்லச் சொல்ல இந்தக் காவல் நிலையத்தின் மொழிபெயர்ப்பாளர் கலீலுர் ரஹ்மான் தமிழில் எழுதிக்கொள்கிறார், பிறகு அரபியில் மாற்றுவாராம். பாலகுரு வரும் இடங்களில் "அவர்" என்று மரியாதை போட்டு எழுதுவது கலீலுர் ரஹ்மான். நான் சொன்னது "அவன்".

என் மருமகள் ராதிகா சரித்திர டீச்சர். இந்த வருஷம், 2005 பிப்ரவரியில், பள்ளி ஆண்டு விழாவுக்காக அவளே ஒரு நாடகம் எழுதினாள். இங்கிலாந்தை ஆண்ட எட்டாம் ஹென்றி ராஜாவின் கதை. நாடகம் இங்கிலீஷில் என்றாலும், ராஜாவுக்கு வெல்வெட் அங்கி தைத்ததும் வயிற்றுக்குத் தலையணை வைத்துக் கட்டியதும் நான்தான் என்பதால், நான் தைக்கத் தைக்க ராதிகா முழுக் கதையையும் தமிழில் சொன்னாள். ராஜா கட்டியவளைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கட்ட ஆசைப்பட்டான், ரோமாபுரியில் இருந்த போப்பாண்டவர் சம்மதிக்கவில்லை, அதன் பிறகு ராஜா இனி இந்த நாட்டில் திருச்சபைக்கும் நானே தலைவன் என்று சட்டம் போட்டு, எல்லோரும் அதற்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்றான். மதம் ஒன்று, அரசாங்கம் ஒன்று, இரண்டையும் ஒரு பெண்டாட்டி தகராறில் முடிச்சுப் போட்ட மகாராஜன். பிஷப்புகள் வரிசையாக நின்று தலையாட்டினார்கள். தாமஸ் மோர் என்ற முன்னாள் மந்திரி மட்டும் சத்தியமும் செய்யவில்லை, எதிர்த்தும் பேசவில்லை, வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? ஆகவே ஜெயிலில் அவர் வைத்திருந்த புத்தகங்களை எடுத்துப்போவதாக ஒரு வக்கீலை அனுப்பினார்கள். அந்த வக்கீல் நைச்சியமாகப் பேச்சுக் கொடுத்தான், பிறகு கோர்ட்டில் போய் அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சாட்சி சொன்னான். கூடவே புத்தகம் கட்டப் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, நாங்கள் புத்தகத்தைச் சாக்கில் போடுவதில் மும்முரமாக இருந்தோம், பேசியது காதில் விழவில்லை என்றார்கள். மந்திரியின் தலை போயிற்று. வக்கீலுக்குப் பெரிய பதவி வந்தது.

இந்த இடம் வந்தபோது இரவுச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஷ்ருதி என்னிடம், "பாட்டி, அந்த டூ பீப்பிளுக்கு நிஜமாவே கேக்கலையா?" என்றாள். "காது கேக்காம இல்லடி, கழுத்து மேல ஆசை" என்றேன். என் மகன் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்ததை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாடக ஒத்திகையில் பாலகுருவுக்குக் கொடுத்த வேலை, திரைக்குப் பின்னால் மறைந்து நின்று பிள்ளைகளுக்கு மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுப்பது. ஆகவே நாடகத்தில் ஒரு எழுத்து விடாமல் அவருக்கு மனப்பாடம். சூப்பர்வைசர் பதவி ராதிகாவுக்கு என்று பேச்சு அடிபட்டதிலிருந்து அவருக்கு முகம் சரியில்லை என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கு முன்பு என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார், பிறகு சொல்லவில்லை.

ஒத்திகை நடக்கும்போதே கத்தோலிக்கப் பெற்றோர் சிலர், போப்பாண்டவரைக் கேவலப்படுத்தியிருக்கிறது என்று பள்ளிக்கு வந்தார்கள். அவர்கள் போனதும், இங்கிலாந்து சபை வழியில் வந்த சி.எஸ்.ஐ. பெற்றோர் சிலர், எங்கள் சபையே ஒரு ராஜாவின் கல்யாண ஆசையில் பிறந்ததாகக் காட்டியிருக்கிறது என்று வந்தார்கள். ஒரே வில்லாவை மறைப்பு வைத்துப் பிரித்து வாடகைக்கு இருப்பவர்கள், ஒரே சமையலறையில் முறை வைத்துச் சமைப்பவர்கள், லண்டன் சண்டையை அஜ்மானில் போட்டார்கள். இதில் நான் சிரிப்பதற்கு இல்லை. எங்கள் காஞ்சிபுரத்தில் கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டுக்குப் போனார்கள், யானையை யாரும் கேட்கவில்லை. பிரின்சிபால் இரண்டு கூட்டத்துக்கும் தலையாட்டிவிட்டு நாடகத்தை நிறுத்தினார். தலையாட்டுவதற்கு இங்கிலாந்து பிஷப்புதான் வேண்டும் என்பதில்லை.

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை, மாலை அஸர் பாங்கு சொல்லி முடிந்த சமயத்தில், நாடகத்துக்காக ராதிகா லைப்ரரியிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களையும் ராஜா அங்கியையும் திரும்ப எடுத்துப்போக பாலகுருவும் செய்கு முகம்மதுவும் வந்தார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தேன். வந்தவனுக்குப் போட்டதல்ல, ஷ்ருதிக்குப் போட்டது. ஆனாலும் வைத்தேன். பாலகுரு சோபாவில் உட்கார்ந்தார். முரளிதரன் தரையில் உட்கார்ந்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினான். முதல் பெட்டி நிரம்பியதும் செய்கு முகம்மது அதைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். வண்டியை வழியில் நிறுத்தியிருந்ததால் அங்கேயே காத்திருந்தார், பேச்சு நடந்தபோது அவர் மேலே இல்லை. ஆகவே காதில் விழவில்லை என்று உண்மையாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

செய்கு முகம்மது போனதும் பாலகுரு பஜ்ஜியை மென்றுகொண்டு, "ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் டீச்சர். அந்த ராஜா மாதிரி இந்த ஊர்லயும் ஒரு உத்தரவு வந்தா, நீங்க சத்தியம் பண்ணுவீங்களா, மாட்டீங்களா?" என்றார்.

ராதிகா, "சார், நான் நடத்துறது செத்து ஐநூறு வருஷம் ஆகப்போற ராஜாவோட கதை. இந்த ஊர்ப் பேச்சை அதுல இழுக்காதீங்க. நமக்குச் சோறு போடுற ஊரு" என்றாள்.

"அட, சும்மா ஒரு பேச்சுக்குத்தானே? நம்ம நாலு பேருக்குள்ள."

"பேச்சுக்கும் வேண்டாம் சார்."

"அப்ப இந்த ஊரும் அப்படித்தான்னா நீங்க மறுக்கல?"

இதற்கு ராதிகா பதில் சொல்லவில்லை. அப்போது முரளிதரன் தலையைத் தூக்கி, "சார், பஜ்ஜி ஆறுது, எடுத்துக்குங்க" என்றான். பாலகுரு எடுத்துக்கொண்டார். தின்று முடித்துவிட்டுக் கை துடைக்க வேறு துணி கிடைக்காதவர் போல, சோபாவின் கைப்பிடியில் மடித்து வைத்திருந்த வெல்வெட் அங்கியில் துடைத்தார். "சார், அது ராஜா துணி" என்று நான் சொன்னேன். "ராஜாதான் கேன்சல் ஆயிட்டாரே, பாட்டிம்மா" என்று சிரித்தார். அதன் பிறகு இரண்டாவது பெட்டியையும் அங்கியையும் எடுத்துக்கொண்டு போனார். நடந்தது இவ்வளவுதான், கூட ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்த வாரம் பாலகுரு பள்ளி நிர்வாகத்திடம் போய், இந்த ஊரிலும் அதே கதைதான், ஆளுகிறவர் வாயில் வருவதுதான் மதம் என்று ராதிகா தன் வீட்டில் வைத்துச் சொன்னதாகப் புகார் கொடுத்தார். அது இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது. ராதிகாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள், வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். புகார் உண்மை என்று ஆகிவிட்டால் அவள் ஜெயிலுக்குப் போய்விட்டுத்தான் ஊருக்குப் போக முடியும் என்று அறிகிறேன். நாடகத்தில் பார்த்ததை அப்படியே எடுத்து வீட்டுக்குள் வந்து நடித்துவிட்டுப் போயிருக்கிறார் பாலகுரு. துரோகம் செய்வதற்குக்கூடச் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரியாத மனிதர் எப்படி வாத்தியாரானார் என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் மருமகளுக்குப் பரிந்து பேசுகிறேனா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். அவளுக்காகப் பொய் சொல்லும் அளவுக்கு அவள் என்னிடம் நடந்துகொண்டதில்லை. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை, வாடை அடிக்கிறது அத்தை என்று பால்கனியில் வெயிலில் வைத்தவள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஊறுகாய்க்குத் தண்டனை ஜெயில் இல்லை.

வயதானதால் ஞாபகம் தவறியிருக்கலாமா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். என் கல்யாணப் பந்தியில் என் தகப்பனார் இலைக்கு மட்டும் அப்பளம் வராமல் போனது. பரிமாறியவர் பெயரை இப்போது கேட்டாலும் சொல்வேன்.

பாலகுரு தன் வாக்குமூலத்தில், நான் வாசற்படியிலேயே நின்றேன், உட்காரவுமில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அவர்களாகப் பேசியது காதில் விழுந்தது என்று சொல்லியிருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். அந்த அங்கி இப்போது பள்ளி ஸ்டோர் ரூமில் இருக்கிறது. இடது கைப் பக்கம் விரல் விரலாக எண்ணெய்க் கறை இருக்கும். வெல்வெட்டில் எண்ணெய் பட்டால் போகாது. வாசற்படியில் நின்றவர் கை சோபா வரை நீளுமா என்று அவரையே கேட்கலாம்.

அதன் பிறகு என் மகன் முரளிதரனைக் கூப்பிட்டு விசாரித்ததில், நான் பெட்டிக்கு டேப் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தேன், டேப் கிழிகிற சத்தத்தில் பேசியது எதுவும் காதில் விழவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். எங்கள் வீட்டில் அன்று டேப்பே கிடையாது. முதல் பெட்டியை என் பழைய புடவைக் கரையைக் கிழித்துத்தான் கட்டினான். கிழித்துக் கொடுத்தது நான். பேச்சு நடந்தபோது இரண்டாவது பெட்டி திறந்தே கிடந்தது. அவன் கை மடியில் இருந்தது.

அவன் விசாரணைக்குப் போய்வந்த அன்று ராதிகா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முரளிதரன் என்னிடம் தனியாக வந்து, "அம்மா, எனக்கு இந்த மாசம் விசா ரினீவல். கம்பெனில கேஸு கீஸுன்னு தெரிஞ்சா ஹலாஸ், வேலை போச்சு. உன்னைக் கேட்டா நீயும் கேக்கலன்னு சொல்லிடு. உனக்கு வயசாச்சு, நம்புவாங்க" என்றான். "டேய், அவ உன் பொண்டாட்டி" என்றேன். அதற்கு அவன், "நான் எதுவும் தப்பா சொல்லலையே, கேக்கலன்னுதானே சொன்னேன்" என்றான். நாங்கள் பேசியது ராதிகாவுக்குக் கேட்டிருக்கும். அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் டூட்டிக்குப் போன பிறகு, வீட்டில் சொல்லாமல், செய்கு முகம்மதுவுக்கு போன் செய்தேன். அவர் வேலையைப் பற்றி யோசிக்காமல், "இறங்கி வாங்கம்மா, வாசல்ல நிக்கிறேன்" என்றார். அவர் வண்டியில்தான் இங்கே வந்தேன். நான் இதைச் சொன்னால் என் விசா என் மகன் கையில் இருக்கிறது என்பதை கலீலுர் ரஹ்மான் எடுத்துச் சொன்னார். எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்கு பிளேன் போகாது, சென்னைக்குப் போகும். அங்கிருந்து பஸ் இருக்கிறது.

முரளிதரனுக்குப் பேச்சு கேட்டிருக்கும் என்பதை எதை வைத்துச் சொல்கிறேன் என்று கடைசியாகக் கேட்டார்கள். பெற்றவளுக்கு இதைச் சொல்ல ஜோசியம் வேண்டாம். சின்ன வயதில் அவன் அப்பா பிரம்பை எடுத்தால், "அப்பா, சோறு ஆறுது, வாங்க" என்பான். பயம் வந்தால் அவன் வாயில் சாப்பாட்டுப் பேச்சுதான் வரும். ராதிகா பதில் பேசாமல் நின்றதும் அவன் பஜ்ஜி ஆறுகிறது என்றான். காதில் விழாதவனுக்கு எந்த இடத்தில் பேச்சை மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?

இதை கலீலுர் ரஹ்மான் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னது கூடாமல் குறையாமல் இருக்கிறது. இதில் பொய் ஒன்று இருந்தாலும் என் வாய் வேகட்டும். என் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாகவள்ளி

கையெழுத்துக்குக் கீழே சேர்க்கச் சொன்னது: பாலகுரு யாரோ பெற்ற பிள்ளை, பதவிக்காகப் பொய் சொன்னான், அவனை இந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். கேஸுக்கு அந்தப் பெயர் தேவையில்லை என்று கலீலுர் ரஹ்மான் சொன்னார். எனக்குத் தேவை என்றேன். "மகன்" என்று எழுதினார், அதை அடித்துவிட்டுப் பெயரைப் போடச் சொன்னேன்.

முரளிதரன்.