அறுபதுக்கு மூன்று குறைவு

வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதனால்தான் படிவங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பி வைப்பேன். வந்தவர் கையெழுத்துப் போட்டால் போதும். இதற்காக மேலதிகாரி என்னை இரண்டு முறை பாராட்டியிருக்கிறார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நகராட்சியின் வீடு பழுதுபார்ப்பு உதவிப் பிரிவில் பதினொரு வருடமாக நான் ஆய்வாளர். சொந்த வீடு இருந்தும் சரிசெய்ய வசதியில்லாதவர்களுக்கு நகராட்சியே கூரை மாற்றித் தரும், சுவர் பூசித் தரும். ஆனால் வீடு போதுமான அளவுக்குக் கெட்டிருக்க வேண்டும். ஒழுகலுக்கு இத்தனை, விரிசலுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது என் வேலை. அறுபது வந்தால் உதவி உண்டு. ஐம்பத்தொன்பது என்றால் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

ஒன்றிரண்டு குறைந்தவர்களுக்கு நானே கைகொடுத்திருக்கிறேன். ஆடுகிற கூரை ஓடுகளை இன்னும் கொஞ்சம் ஆட்டிவிடுவேன். விரிசலுக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு திருகு. ஒரு வீட்டில் சும்மா சாய்ந்து நின்றேன், சுவர் பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் உதவி கிடைத்தது. இரண்டு குடும்பமும் இன்றுவரை என்னை வாழ்த்துகின்றன.

தையற்காரம்மா வீட்டில்தான் எதுவும் பலிக்கவில்லை. வீடு அவர் பெயரில் இருந்தது. கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுபது தாண்டியவர், முழங்கால் மடங்காது. நான் வருகிறேன் என்று முந்தின நாள் சொல்லியனுப்புவது விதி. சொன்னால் அந்த அம்மாவின் கை சும்மா இருக்காது. கூரைமேல் ஏறி ஓடுகளை ஒழுங்காக அடுக்குவார், விரிசலைப் பூசுவார், சுவருக்கு வெள்ளையடிப்பார்.

"ஏம்மா இதெல்லாம் பண்றீங்க? இருக்கிறபடி விடுங்கன்னு சொன்னேனே."

"ஆபீசர் வர்ற நேரத்துல வீடு அலங்கோலமா கிடந்தா நல்லாவா இருக்கும்? நீங்க உக்காருங்க, டீ போடறேன்."

முதல் வருடம் ஐம்பத்திரண்டு. அடுத்த வருடம் ஐம்பத்தைந்து. மூன்றாம் வருடம் ஐம்பத்தேழு. அவர் டீ போட உள்ளே போனபோது ஜன்னல் கண்ணாடியை உடைத்துப் பார்த்தேன். மறுநாள் அங்கே மடிப்புக் கலையாத ஒரு திரை தொங்கியது. உத்தரத்தை நெம்பி இறக்கினேன். தையல் மெஷின் மேஜையை அதற்கு முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிட்டார், தரையில் உட்கார்ந்து கையால் தைத்தார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த மாதக் கடைசியோடு திட்டத்தை மூடுவதாக உத்தரவு வந்திருந்தது. அடுத்த மழைக்கு அந்தக் கூரை தாங்காது. டிரைவர் ஐயா படுக்கும் கட்டில் நேர் கீழே இருக்கிறது. அவரை நினைத்து நான் சாப்பாடு இறங்காமல் தவித்தேன்.

விதிப்புத்தகத்தைக் கண்ணும் கருத்துமாகப் படித்தேன். வீட்டின் பழுதாலோ, அதைச் சரிசெய்யும்போதோ விண்ணப்பதாரர் காயப்பட்டிருந்தால் ஐந்து மதிப்பெண். ஐம்பத்தேழும் ஐந்தும் அறுபத்திரண்டு.

பத்தொன்பதாம் தேதி மதியம் அந்தப் பக்கம் போனேன். பின்பக்கம் சாத்தியிருந்த மர ஏணியில், மேலிருந்து இரண்டாவது படியின் ஆணிகளைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். படி பார்ப்பதற்கு அப்படியேதான் இருந்தது. பிறகு முன்பக்கம் வந்து, நாளை மறுநாள் ஆய்வுக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வழக்கமாக ஒரு நாள் முன்புதான் சொல்வேன். இந்த முறை வேலை செய்ய அவருக்குக் கூடுதலாக ஒரு நாள் கொடுத்தேன்.

இருபதாம் தேதி காலை, கையில் சிமெண்ட் சட்டியோடு ஏறியவர் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். செய்தி கேட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன், சார். பொய் சொல்லவில்லை, அன்று இருந்தவர்களைக் கேளுங்கள். விண்ணப்பதாரர் இறந்தால் விண்ணப்பம் ரத்து. மூன்று வருட உழைப்பு, ஒரு நிமிடத்தில் வீண்.

நான்கு நாள் கழித்து டிரைவர் ஐயா சுவரைப் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். அவரை நான் நிற்க வைக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அவர் பெயரில் புதுப் படிவத்தை எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

"அவ இருந்தா உங்களுக்கு ஒரு டீயாவது போட்டுக் குடுத்திருப்பா, சார்" என்றார்.

துணையின்றித் தனியாக வாழும் முதியவருக்குப் பத்து மதிப்பெண். ஐம்பத்தேழும் பத்தும் அறுபத்தேழு, அந்த வருடத்தில் எங்கள் பிரிவின் அதிகபட்சம். இப்போது போய்ப் பாருங்கள், புதுக் கூரை, புது உத்தரம். நகராட்சி ஓர் இரும்பு ஏணியும் கொடுத்திருக்கிறது. அதில் ஏறத்தான் ஆளில்லை.

அம்மாவுக்குக் காலில் ஓர் எலும்பு முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் நான் ஆசைப்படவில்லை. அவர் போய்ச் சேருவார் என்று கனவிலும் எண்ணவில்லை.

அந்தப் படிவத்தை ஏன் என் பக்கம் திருப்புகிறீர்கள்? ஆமாம், என் கைப்பட எழுதியதுதான். 'மனைவி: காலமானார். தனியாக வசிக்கிறார்.' தேதி பதினெட்டு. படிவங்களை முன்கூட்டியே நிரப்பி வைப்பது என் பழக்கம் என்று முதலிலேயே சொன்னேனே, சார்.