காளியண்ணனின் கடைசிக் கட்டுரை

கல்லூரியில் பதினெட்டு வருஷம் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். மாணவர்கள் எளிது என்று நினைத்துக் கெடுத்துக்கொள்வது வகைப்பாட்டுக் கட்டுரையைத்தான். மனிதர்களையோ மாம்பழங்களையோ மூன்றாகப் பிரித்து எழுதினால் போதும் என்றிருப்பார்கள். எதை வைத்துப் பிரிக்கிறோம் என்று யோசிக்க மாட்டார்கள்.

காளியண்ணனும் முதலில் அப்படித்தான் எழுதினான். மோகனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன். தகப்பன் இல்லை. தாய் ராமாத்தாள் ஒற்றை ஆளாகப் புன்செய்க் காட்டைப் பார்த்துக்கொண்டு அவனைச் சேலத்துக்குப் படிக்க அனுப்பியிருந்தாள். 1941இல் என் வகுப்புக்கு வந்தான். ‘எங்கள் ஊர் மனிதர்கள்’ என்று தலைப்புக் கொடுத்தேன். பணக்காரர், ஏழை, நல்லவர் என்று பிரித்துக் கொண்டுவந்தான்.

“உன் அம்மா இதில் எந்த வகை?” என்று கேட்டேன்.

“ரண்டுலயும் வாராங்களுங்க ஐயா. ஏழையுமுங்க, நல்லவங்களுமுங்க.”

“அப்படியானால் பிரித்தது தப்பு. பணத்தை வைத்துப் பிரித்தால் கடைசி வரை பணம். குணம் என்றால் குணம். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கக் கூடாது. எவரும் விட்டுப்போகவும் கூடாது. ஒவ்வொரு வகைக்கும் நீ கண்ணால் பார்த்த ஆளைக் காட்டு. கேள்விப்பட்டதை எழுதாதே.”

அதன் பிறகு வாரம் மூன்று நாள், சாயங்காலம் கல்லூரி விட்டதும் என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி கல்யாணமான இரண்டாம் வருஷமே இறந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் வருவதில்லை. அவன் வரும் நாளில் இரண்டு டம்ளர் காப்பி போடுவேன். வராத நாளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடும். மறுநாள் வகுப்பில் வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும்.

அடுத்த வருஷம் ஆனியில் அவன் வருவது குறைந்தது. ஆடியில் நின்றது. திருச்செங்கோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த நாச்சிமுத்து என்ற காங்கிரஸ்காரரோடு அவன் சுற்றுவதாக மற்ற மாணவர்கள் சொன்னார்கள். நான் அவனைக் கண்டிக்கவில்லை. அவனுக்கென்று போட்ட காப்பியைச் சில நாள் கொட்டினேன். அவ்வளவுதான்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் வந்தான். உட்காரக்கூட இல்லை. நாலாக மடித்த தாள்களை நீட்டினான்.

“நீங்க சொன்னாப்பலயே எழுதியிருக்கறனுங்க ஐயா. உங்களுக்குக் காட்டாம இருக்க முடியலீங்க. படிச்சுப்போட்டுக் கிழிச்சுப்போடுங்க.”

பயத்தை வைத்துப் பிரித்திருந்தான். பயம் விட்டவர்கள், பயந்துகொண்டே வெளியே போகிறவர்கள், பயந்து வீட்டுக்குள் இருப்பவர்கள். ஒருவரும் விட்டுப்போகவில்லை. ஒருவரும் இரண்டு இடத்தில் நிற்கவில்லை. முதல் வகைக்கு, இடது கட்டைவிரல் வளைந்த ஒரு சைக்கிள் கடைக்காரர் ஏரிக்கரையில் கம்பமேறித் தந்திக் கம்பியை அறுத்ததை எழுதியிருந்தான். இரண்டாம் வகைக்கு, கீழே கைகால் நடுங்க ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தன்னையே எழுதியிருந்தான். மூன்றாம் வகைக்கு ஒரு ஆசிரியர். ‘மிகவும் படித்தவர். என்னைத் தவிர அவரைத் தேடி யாரும் வருவதில்லை. அதற்குக் காரணம் அவருடைய பயம்’ என்று இருந்தது.

என் மாணவர்கள் எழுதியதில் அதுதான் சிறந்த கட்டுரை. ஆனால் நான் மார்க் போடவில்லை. ஓரிடத்தில் இலக்கணப் பிழை இருந்தது. அதையும் திருத்தவில்லை. சிவப்பு மை பட்டால் யார் கைக்குப் போனது என்று தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் அதைப் போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடவில்லை. வரி வரியாகப் பொருள் சொன்னேன். மூன்றாம் வகையைச் சொல்லவில்லை, அது வழக்குக்குத் தேவையில்லாதது.

“பேர் ஒண்ணும் இல்லையே” என்றார்.

“வளைந்த கட்டைவிரலோடு எத்தனை சைக்கிள் கடைக்காரர்கள் இருப்பார்கள்?” என்றேன். நல்ல உதாரணம் ஒரே ஒருவரைத்தான் குறிக்கும்.

பையனை மிரட்டி மட்டும் அனுப்பிவிடச் சொன்னேன். சரி என்றார். மிரண்டால் அவன் என்னிடம்தான் வருவான் என்று நான் கணக்குப் போட்டது தப்பாகிவிட்டது. இருவருக்கும் தண்டனை கிடைத்தது. கட்டுரையை ஆங்கிலம் தெரியாத நாச்சிமுத்துவிடம் காட்டி, உன் கூட்டாளி எழுதிக் கொடுத்தது என்றார்களாம். ஜெயிலில் காளியண்ணனோடு ஒருவரும் பேசவில்லை. ஏழாம் மாதம் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்தான்.

செய்தி வந்த மாதமே ராமாத்தாள் என்னைத் தேடி வந்தாள்.

“எம்பட மவன் காட்டிக் குடுத்துட்டான்னு ஊருல சொல்றாங்க சாமி. எனக்குத் தண்ணி மொண்டு குடுக்கக்கூட ஆளில்ல. அவன் அப்பிடிச் செய்வானுங்களா?”

“செய்ய மாட்டான்” என்றேன். அது உண்மை.

“பொறவு ஆருங்க செஞ்சது?”

“தெரியவில்லை அம்மா.”

“நீங்க ஒருத்தருதானுங்க அவனெ நல்லவன்னு சொல்றது” என்றாள்.

அது முதல் மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருகிறாள். வறுத்த கடலை கொண்டுவருவாள். அவன் நடை பழகியது, ஆற்றில் நீந்தியது எல்லாம் சொல்வாள். சாயங்காலம் வரை இருப்பாள். ஆறு வருஷமாக ஒரு மாதமும் தவறியதில்லை.

போன மாதம் நாச்சிமுத்து வந்தார். மோகனூரில் தியாகிகளுக்குக் கல் நாட்டுகிறார்களாம்.

“அந்தப் பையன் பேரையும் வெட்டலாமான்னு கேக்கத்தானுங்க வந்தேன். உள்ள இருக்கறப்ப நாங்க கேட்டதுக்கு, ‘நான் எழுதுனதுதானுங்க’ன்னு மட்டும் சொன்னான். ஆருக்கு எழுதுனேன்னு கடைசி வரைக்கும் சொல்லல. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்குது. உங்ககிட்டப் படிச்சவன். நீங்க ஒரு வார்த்த சொன்னாச் சேத்திரலாமுங்க.”

அவன் என்னைச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

“கையெழுத்து அவனுடையது என்றால், நான் என்ன சொல்ல முடியும்?” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவன் பெயர் இல்லாமலே கல் நாட்டியாயிற்று.

கட்டுரையைக் கொடுத்தவன் நான்தான். பெயர் விட்டுப்போனதற்கும் நானே காரணம். இதை எழுதிப் பெட்டியில் வைக்கிறேன், யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ராமாத்தாளுக்கு ஊரில் ஒருவரும் இல்லை. என்னையும் இழந்தால் அவள் தாங்க மாட்டாள். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன்.