பொதுமக்கள் பார்வைக்கு

— கதவ ஏன்டா பூட்டுற? தெற தம்பி, நான்...

— யாரு சொன்னான்னு கேட்டேன். பேரச் சொல்லு, தெறக்கிறேன்.

— யாருமே சொல்லலடா. முறுக்காத, கை ஒடஞ்சிரும்!

— என் கூடப்பொறந்த அக்கா எழுதுற ஆராய்ச்சி. அதுல என் ஸ்டேஷன் பேரு. மேல கொட்டை எழுத்துல ‘காவலில் மரணம்’. காலையில உன் மேசையில அந்த வரியப் பாத்ததுமே எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. மிச்சத்தப் படிக்கக்கூட நிக்கல.

— நின்னு படிச்சிருந்தா இப்படி வந்து குதிச்சிருக்க மாட்ட. அத்தனை ஸ்டேஷனும் அதுல இருக்கு.

— கதை விடாத, கேட்டியா? லாக்கப்புக்குள்ள நடந்தது உனக்கு எப்படித் தெரியும்?

— அரசாங்கமே போட்டிருக்கு. புள்ளிவிவரத் துறையோட இணையதளம். காசு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. உங்க ஆளுங்க மேல அனுப்புற கணக்கத்தான் வருஷா வருஷம் ஏத்துறாங்க. காரணம்னு கேட்ட இடத்துல ‘உடல்நலக் குறைவு’ன்னு எழுதியிருக்கீங்க.

— எங்க டிபார்ட்மென்ட் எங்களையே காட்டிக் குடுக்குமா? யாருக்குக் காது குத்துற? இது வெளிய வந்தா என் உடுப்பக் கழட்டிட்டு உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, கேட்டியா?

— டேய்! வேணாம்டா, அது என் கம்ப்யூட்டர்... அய்யோ!

— இப்ப எழுது, பாப்போம்.

— உடைச்சா போயிருமா? நெட் சென்டர்ல உக்காந்தா அந்தக் கணக்கு மறுபடி இறங்கும். போய் அதையும் உடை. ஊருல இருக்குற அத்தனையும் உடை... தம்பி, உன் சட்டைக் கையில என்ன ரத்தம்? எனக்கு எங்கயும் அடிபடலயே.

— உன்னது இல்ல. ரைட்டரோடது.

— உங்க ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குறாரே, அவரா? போன மாசம் நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போனாரே!

— அவனேதான். சாப்புட வந்தவன் உன்கிட்ட உளறிட்டான்னு நெனச்சேன். நேரா அவன் வீட்டுக்குப் போயி, தலமுடியப் புடிச்சு முகத்த சுவத்துல தேச்சேன். முன்பல்லு கொட்டிருச்சு, ஒரு கண்ணு மூடிருச்சு. அப்பவும் ‘நான் சொல்லல சார்’னுதான் கத்துனான்.

— படுபாவி! குழம்பு நல்லாருக்குன்னதத் தவிர அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலடா.

— ஏக்கா இப்படி நெஞ்சறியப் பொய் சொல்ற?

— இந்தா, என் போன். நீயே தேடு. ‘பொதுமக்கள் பார்வைக்கு’ன்னு இருக்கு பாரு, அதத் தொடு. அதுக்குக் கீழ காவல் துறை. ஸ்டேஷன்வாரியா. இறங்குதா?

— இறங்குது... அரசாங்க முத்திரையே இருக்கு. இத யாரு வேணும்னாலும் பாக்கலாமா?

— யாரு வேணும்னாலும். இதுவரைக்கும் யாரும் பாக்கல, அவ்வளவுதான். வா, அந்த மனுஷன ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போவோம்.

— நான் என்னக்கா பண்ணுவேன்? லாக்கப்புல அந்த ரெண்டு பேரு செத்தது எனக்கும் ரைட்டருக்கும் மட்டும்தான் தெரியும். நான் வேற யாரச் சந்தேகப்படுறது?

— தம்பி... உன் ஸ்டேஷனுக்கு நேரா இருக்குற கட்டத்தப் பாரு. அதுல ஒருத்தர்தான் இருக்காரு. இன்னொருத்தர எங்கடா போட்டீங்க?