எண்பதில் ஒரு பூஜ்யம்

டீ வேண்டாங்க சார். சக்கரை ஏறிக் கெடக்குது, டாக்டரு வையறாரு. தண்ணி மட்டும் குடுங்க, போதும். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாகும். நடுவுல நிறுத்திட்டேன்னா மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு வராது.

எம் பேரு குமரகுரு. திருச்செங்கோட்டுல மணியண்ணன் பட்டறையில பத்தொம்பது வருசமா சி.என்.சி. மில்லிங் மெஷின், கம்ப்யூட்டர்ல நம்பர் போட்டு இரும்பு வெட்டற மெஷினு, அத ஓட்டறனுங்க. போர்வெல் ரிக் வண்டிக்கு வேண்டிய சாமானெல்லாம் அதுலதான் வெட்டிக் குடுக்கறோம். நீங்க விசாரணைக்குக் கூப்புட்டது என்னையில்ல, எங்க பட்டறைப் பொண்ணு சரிதாவ. தெரியுமுங்க. அந்தப் புள்ள வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்குது. அந்த ஆளு செத்ததுக்குத் தான்தான் காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட வந்திருக்குது. அதுக்கு முன்னால நான் பேசிரோணும்னு உள்ள வந்தேன்.

மெஷினப் பத்திக் கொஞ்சம் சொல்லோணும். வெட்டற சாமானக் கட்டி வெக்கற மேசைய அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளறது ஒரு நீளத் திருகுங்க. பழசாச்சுன்னா திருகுக்கும் நட்டுக்கும் நடுவுல ஆட்டம் வந்துரும். வலது பக்கம் போற மேசைய எடது பக்கம் திருப்புனா, திருகு சுத்தும், மேசை துளி நேரம் சும்மா நிக்கும். அந்த ஆட்டம் எவ்வளவுன்னு அளந்து மெஷினுக்குள்ள போட்டுட்டா, அது அவ்வளவு எச்சாச் சுத்திச் சரிக்கட்டிக்கும். எங்களுது கோயமுத்தூர்ல எவனோ ஓட்டித் தேச்சு வித்த மெஷினு. திருகு நடுவுல நெம்பத் தேஞ்சிருச்சு, ஓரத்துல புதுசாட்டக் கெடக்குது. அதனால ஒரே நம்பர் போட்டாப் பத்தாது. எங்கெங்க எவ்வளவுன்னு என் மண்டையிலதான் இருந்துச்சு. ஒருத்தருக்கும் சொல்லலை. கேட்டா, "அதெல்லாம் கை பழகோணுமப்பா"ன்னுருவேன். நான் லீவு போட்டா மெஷினும் லீவுதான். மணியண்ணன் வைவாரு. எனக்கு அந்த வசவே பெருமையா இருந்துச்சுங்க.

சரிதா நாமகிரிப்பேட்டைப் பக்கம். அப்பன் மஞ்சக் காட்டுக்குக் கூலிக்குப் போறவரு. டிப்ளமா முடிச்சுட்டு எங்ககிட்ட வந்துச்சு. வந்த ரெண்டாம் மாசம், ஒரு ஞாயித்துக்கெழம துளி அசைவையும் காட்டற டயல் கேஜ வெச்சுக்கிட்டு ஒக்காந்திருச்சு. அம்பது மில்லிக்கு ஒருக்கா நிறுத்தி, ஒவ்வொரு எடத்துக்கும் ரெண்டு பக்கமிருந்தும் வந்து பாத்து, முழுத் திருகையும் அளந்து போட்டுச்சு. பொழுதோட பட்டியல மெஷினுக்குள்ள ஏத்திருச்சு. நடுவுல எண்பது மைக்ரான்; ஒரு மைக்ரான்னா மில்லியில ஆயிரத்துல ஒண்ணுங்க. நான் மண்டையில வெச்சிருந்ததும் எண்பதுதாங்க. மணியண்ணன் சிரிச்சுக்கிட்டே, "அப்பறமென்ன குமரகுரு, இனி நீ தாராளமா லீவு போடலாம்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஊட்டுக்குப் போயும் சோறு எறங்கலை.

எங்க பட்டறையில ஒரு பழக்கமுங்க. ஆயுத பூசைக்கு மைக்ரோமீட்டர், ஓட்டை அளக்கற போர் கேஜ், டயல் கேஜ், அளக்கற சாமான் அத்தனையும் சாமி படத்து முன்னால போயிரும். மறுநா காலையில ராகு காலத்துக்கு முந்தி, அதுகளத் தொடாமயே மொதல் ஜாப்பு ஓட்டிக் குங்குமம் வெச்சுருவோம். ராகு காலம் முடிஞ்சுதான் கேஜுகள எடுக்கறது. அந்த மொதல் ஜாப்பு சும்மா ஒரு வாஷரா இருக்கும். வருசா வருசம் நான்தான் ஓட்டுவேன். இந்த வருசம் மணியண்ணன், "அம்மிணி ஓட்டட்டும்"னுட்டாரு.

பூசை அன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் வாசல்ல பொரியும் கடலையும் தின்னுட்டு இருந்தாங்க. நான் உள்ள போயி, பட்டியல்ல நடு நம்பர்ல ஒரு பூஜ்யத்த எடுத்தேன். எண்பது எட்டாச்சு. வாஷரு கோணலா வரும், கேஜ எடுத்ததும் தெரியும், புள்ள முழிக்கும், "குமரகுரு, என்னன்னு பாரப்பா"ம்பாங்க. அதுக்கு மேல நான் எதுவும் நெனைக்கலைங்க.

காலையில ரிக் மொதலாளி சின்னராஜு வந்து நின்னாரு. அவரு வண்டியில கம்பிக் கயிறு ஓடற கப்பி ஒடஞ்சு வேலை நின்னு போச்சு. மொதல் ஜாப்பையே தனக்குக் குடுத்துட்டா ராசியா இருக்கும்னாரு. மணியண்ணனும் சரின்னுட்டாரு. சரிதா புதுக் கப்பிய மேசைக்கு நட்ட நடுவுல கட்டி, அச்சத் தாங்கற குழாயி, புஷ்ஷும்போம், அது ஏறற ஓட்டைய வெட்டுச்சு. கழட்டுனப்ப நான் எட்டிப் பாத்தேன். ஓட்டைக்குள்ள எதுரும் புதுருமா தலமுடியாட்ட ரெண்டு கோடு. வட்டத்தோட ரெண்டு பாதியும் ஒண்ணவுட்டு ஒண்ணு வெலகி நின்னுச்சு. புஷ் ஏறிரும், ஆனா ரெண்டு எடத்துலதான் புடிக்கும். பழகுன கண்ணுக்குத்தான் அது தெரியும். அளக்காமயே குடுத்துட்டாங்க. குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழத்தோட சின்னராஜு கையில குடுத்தது நானுங்க.

பதினோராம் நாளு, ஜேடர்பாளையத்துக்கிட்ட ஒரு தோட்டத்துல புஷ் கழண்டு, கப்பி சாஞ்சு, கயிறு நழுவிருச்சு. மேல தொங்கிட்டிருந்த ராடு, கீழ நின்ன ரிக் வேலையாளு கருப்பண்ணன் மேல எறங்கிருச்சு. முப்பத்தோரு வயசு. சம்சாரம் பொன்னாயி, கைக்கொழந்த ஒண்ணு. சேதி வந்தப்ப நான் டீ குடிச்சுட்டு இருந்தேன். அந்த டம்ளர முழுசாக் குடிச்சுட்டுத்தான் வெச்சேன்.

பூஜ்யத்தக் கப்பி வெட்டுன அன்னிக்குக் காலையிலயே, கேஜுகள எடுக்கறதுக்கு முந்தியே, திருப்பிப் போட்டுட்டனுங்க. அதனாலதான் உங்க ஆளுங்க வந்து அளந்தப்ப மெஷின் சுத்தமா இருந்துச்சு. மெஷின் சரின்னா ஓட்டுனவங்கதான தப்பு.

சரிதா எங்கிட்ட வந்து கேட்டுச்சு. "அண்ணா, நான் எங்க விட்டேன்னு மட்டும் சொல்லுங்ணா. அது தெரியாம எனக்குத் தூக்கமே வரலைங்ணா." நான் ஒரு தப்ப உண்டாக்கிக் குடுத்தேன். "கப்பியப் புடிக்கற கிளாம்ப எச்சா எறுக்கிட்ட சாமி. எறுக்கத்துல கப்பி வளைஞ்சிருக்கும், கழட்டுனதும் ஓட்டை கோணிக்கிச்சு. யாருக்கும் நடக்கறதுதான், வெசனப்படாத"ன்னு சொன்னேன். அந்தப் புள்ள எனக்கு நன்றி சொல்லுச்சுங்க. அந்தத் தப்பத் தூக்கிட்டுப் பொன்னாயி ஊட்டுக்குப் போயி, கால்ல உழுந்திருக்குது. பொன்னாயி எழுப்பி ஒக்கார வெச்சு, "நீயும் சின்னப் புள்ளதான சாமி"ன்னு தண்ணி குடுத்துச்சாம். திரும்பி வந்து எங்கிட்டதான் சொல்லி அழுதுச்சு. முதுகத் தட்டிக் குடுத்தேன். எங் கையப் பாத்தா எனக்கே அருவருப்பா இருக்குதுங்க. அதுக்கப்பறம் அந்தப் புள்ள மெஷினத் தொடலை.

அளக்காமக் குடுத்துட்டாங்கன்னு சொன்னனுங்களே, அது முழுசா நெசமில்ல. சரிதா கேட்டுச்சு. "ஒரே ஒருக்கா போர் கேஜப் போட்டுப் பாத்தர்றனுங்க"ன்னு கேட்டுச்சு. மணியண்ணன் எம் பக்கம் திரும்பி, "ஏப்பா, எடுக்கலாமா?"ன்னாரு. "சாமி முன்னால இருக்கறதுங்க, ராகு காலம் முடியட்டும்"னேன். எனக்கு ராகு காலத்துல எல்லாம் நம்பிக்கை கெடையாது. அளந்தாத் தப்பு தெரியும். தெரிஞ்சாப் பட்டியலத் தொறப்பாங்க. எண்பது எட்டா இருக்கறதப் பாத்தா, யாரு கை வெச்சதுன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் சாமியக் கூப்புட்டேன். அப்பறம் பதினொரு நாளு. சின்னராஜு நம்பரு எம் போன்லயே இருந்துச்சு. தெனமும் எடுத்துப் பாப்பேன், வெச்சுருவேன். புள்ள முழிக்கட்டும்னு மட்டும் நெனச்சேன்னு மொதல்ல சொன்னேன், அத அடிச்சுருங்க. கப்பி வெளிய போறப்பவே எனக்கு எல்லாம் தெரியும். கருப்பண்ணனக் கொன்னது நான்தானுங்க.

எனக்கு முழங்கால் வலின்னு, அந்தப் புள்ள தன் ஸ்கூட்டர்லதான் என்னைய இங்க கூட்டிட்டு வந்துச்சு. தனக்குப் பரிஞ்சு பேச உள்ள வந்திருக்கேன்னு நெனச்சுட்டு இருக்குது. எங்க கையெழுத்துப் போடோணும்னு காட்டுங்க, போட்டர்றேன். ஜெயிலுக்கும் வாரேன். எல்லாத்துக்கும் துணிஞ்சுதான் வந்திருக்கறேன். அதுகிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க சார். இந்த ஆபீசுக்குப் பின்னால ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?