மாப்பிள்ளை போட்ட ஆறு வரிகள்

எனக்குக் காத்திருப்பது ஆகாது, ஐயா. பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் நடந்தே போய்விடுவேன்.

அன்றும் அப்படித்தான். ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். எல்லோர் வேலையும் சர்வரில் ஒரே கிளையில், அதாவது ஒரே பொதுப் பிரதியில், சேரும். நம்மிடம் இல்லாத மாற்றத்தை வேறொருவர் அதில் போட்டிருந்தால், நாம் ஏற்றுவதைச் சர்வர் மறுக்கும். முதலில் அதை இறக்கிச் சேர்த்துக்கொள் என்னும். ஃபோர்ஸ் புஷ் என்னும் கட்டாயக் கட்டளையைக் கொடுத்தால் வாயைத் திறக்காது. இருந்ததைத் தள்ளிவிட்டு நம்முடையதை வைத்துக்கொள்ளும். யார் என்ன போட்டார்கள் என்று பார்க்காமலே கொடுத்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

தள்ளப்பட்டவை என்னோடு அங்கேயே வேலை பார்த்த என் தங்கை கணவரின் ஆறு வரிகள். மருந்தின் அளவைத் தவறாக அடித்தால் கருவியை நிறுத்தும் வரிகள். சோதனை முன்பே முடிந்திருந்ததால் யாரும் மறுபடி பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு நர்ஸ் ஒரு சைபர் கூடுதலாக அடித்தார். கருவி நிற்கவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை இறந்துபோனார்.

மாப்பிள்ளை என்னிடம் ஓடிவந்தார். "மச்சான், நான் போட்டேன். சர்வர்ல காணோம். என் மெஷின்ல இருக்கும், வாங்க காட்டுறேன்."

"பதறாதீங்க மாப்ள. முதல்ல போய்த் தண்ணி குடிங்க."

அவர் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அவர் கணினியில் இருந்த பிரதியையும் சர்வரில் இருப்பதைப் போலவே ஆக்கினேன், தடயமில்லாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது, ஐயா.

திரும்பி வந்து வெகுநேரம் தேடினார். "போட்டேனே மச்சான்... போட்டேன்ல?"

"போடணும்னு நினைச்சிருப்பீங்க மாப்ள."

விசாரணையில், மறந்துவிட்டதாக அவரே எழுதிக் கொடுத்தார். வேலை போனது. இப்போது அடுப்பை அணைத்தோமா என்று பத்து முறை போய்ப் பார்க்கிறார். கீழே போட்டுவிடுவேன் என்று பெற்ற மகளைத் தூக்குவதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, கணினியில் எந்த விசையைத் தட்டினாலும் "போட்டேன்ல?" என்று அவர் குரல் கேட்கிறது.

"அண்ணே, நீ சொன்னாத்தான் அவர் அடங்குறார்" என்கிறாள் தங்கை. ஞாயிறுதோறும் போகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்பார். இல்லை மாப்ள, நீங்கள் போடவில்லை என்று பொறுமையாகச் சொல்வேன்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்மேல் உயிரையே வைத்திருக்கிறார். நான் அவரை அப்படிக் கைவிட முடியாது.