குளிர்காலத் தண்ணீர்

தொட்டியில் கல்வாழை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். கோடையில் ஊற்றிய அதே அளவு தண்ணீரைக் குளிர்காலத்திலும் ஊற்றுவார்கள். ஈரம் விரும்பும் செடிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குளிரில் அது உறங்கப் போகிறது. வாடிய தண்டை வெட்டி, தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிட வேண்டும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு குவளை. இல்லாவிட்டால் கிழங்கு அழுகிவிடும்.

பால்கனியில் பதினேழு தொட்டிகள் வைத்திருக்கிறேன். "கட்டின பொண்டாட்டிய விட கல்வாழைக்குத்தான் இந்த வீட்டுல மரியாதை" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு அவள் படுத்த படுக்கையான பிறகு வாயில் மிஞ்சியது ஒரே சொல். தண்ணி.

கொடுத்தேன். எட்டு மாதம் முகம் சுளிக்காமல் கொடுத்தேன். ஒரு குவளை குடித்தால் ஒரு விரிப்பு நனையும். அவளைப் புரட்டி, துடைத்து, விரிப்பை அலசிப் போட வேண்டும். குளிர் தொடங்கியதும் விரிப்புகள் காயவில்லை. அவள் முதுகில் புண் வந்தது. ஈரம் ஆகாது என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொன்னார். ஈரத்தைக் குறைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை நிறுத்திவிட்டேன்.

முதலில் நாளுக்கு மூன்று குவளை. பிறகு ஒன்று. பிறகு காலையில் அவள் உதட்டை விரலால் தொட்டுப் பார்ப்பேன். லேசாகப் பிசுபிசுத்தால் மறுநாளைக்குத் தள்ளிவிடுவேன். விரிப்பு நனையவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் தினமும் போன் செய்வாள்.

"அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"நல்லா தூங்குறாம்மா."

"நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன்."

அதைக் கேட்கும்போது நெஞ்சு வலித்தது. நான் கல் இல்லை.

பிறகு குளிர் விலகியது. கல்வாழை துளிர்த்தது. தட்டுகளைத் திரும்ப வைத்து, தொட்டிகளுக்குத் தண்ணீரைக் கூட்டினேன். அவளுக்கும் கூட்டியிருக்கலாம். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, கலைக்க மனம் வரவில்லை.

உடம்பில் நீரே இல்லை என்று டாக்டர் எழுதியிருப்பது சரி. ஆனால் கடைசி நாளில் அவளால் பேசவே முடிந்திருக்காது என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அது சரியில்லை. அன்று காலை நான் குழாயடியில் பூவாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் மூன்று முறை கேட்டாள். மெதுவாகத்தான், ஆனால் தெளிவாக. நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.