பிரகதாம்பாள் ரெக்கார்டிங் சென்டர்

அந்த மின்விசிறியை ஒரு புள்ளி குறைக்கச் சொல்லுங்கள், மேடம். ஓட வேண்டிய வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குக் காதில் உறுத்தும், தொழில் அப்படி. இப்போது சரி. எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் உடையப்பன். புதுக்கோட்டை கீழராஜ வீதியில், மாடியில், பிரகதாம்பாள் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இப்போது அதே அறையில் செராக்ஸ் எடுக்கிறேன், ஆனால் பழைய போர்டை இறக்கவில்லை. தொண்ணூறுகளில் கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கேசட் பதிந்து கொடுத்து நன்றாகவே பிழைத்தேன். அம்மன் பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காக்காரன் கூச்சலைப் பதிகிறானே என்று கீழ்க்கடைக்காரர் கேலி செய்வார். அம்மனுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கூச்சலுக்கு கிரஞ்ச் என்று பெயர். சியாட்டில் என்ற ஊரில் கிழிந்த சட்டை போட்ட பையன்கள் பாடிய ராக். பொன்னமராவதி ரகுநாத்தின் சித்தப்பா துபாயிலிருந்து வரும்போது இரண்டு கேசட் கொண்டுவந்து, தனக்குத் தலைவலி வருகிறது என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். இந்த மாவட்டத்தில் அப்போது வேறு யாரிடமும் அவை கிடையாது. அவற்றிலிருந்து நான் பதிந்து கொடுத்ததைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ரகுநாத் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஆவூர் மாதா கோயிலில் கிட்டார் வாசித்த ஆரோக்கியதாஸ், அவன் தங்கை ஷர்லி, இன்னும் சிலர் என்று ஒரு கூட்டம் என் மாடிக்கு வர ஆரம்பித்தது. இன்றைக்கும், எல்லோருக்கும் முடி கொட்டிய பிறகும், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார்கள். ஆரோக்கியதாஸ் பூசை முடிந்த கையோடு தங்கையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவான்.

வந்தால் சண்டைதான். எங்களுக்குள் இரண்டு கட்சி. முதல் கேசட்டில் பாடியவன் சின்ன வயதிலேயே செத்துப்போனான். இரண்டாவது கேசட்காரன் இன்னும் பாடுகிறான். செத்தவன் குழு பெரிதா, இருப்பவன் குழு பெரிதா என்று தேர்தல் மாதிரி அடித்துக்கொள்வார்கள். "செத்துட்டா எல்லாரும் பெரிய ஆளுதான்" என்பான் ஆரோக்கியதாஸ். "இருந்து தொப்பை வளக்குறதுக்கு அது எவ்வளவோ தேவலை" என்பாள் ஷர்லி. கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்பார்கள். நான் எந்தக் கட்சியும் சேர மாட்டேன். டெக்கில் கேசட்டைப் போடுவேன். மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டு எல்லோரும் குதிப்பார்கள். ஒரு முறை ஆரோக்கியதாஸுக்குக் கை பிசகிவிட்டது, ஷர்லிக்கு உதடு கிழிந்தது. ரத்தத்தோடு சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை ஐம்பதை நெருங்கும் ஆட்களுக்கு வேறு யார் கொடுப்பார்கள்?

இன்டர்நெட் வந்த பிறகு அதே பாட்டுகள் போனில் கிடைத்தன. கேட்டவர்கள் குழம்பினார்கள். பாட்டு மெதுவாக, குரல் கனமாக இருந்தது. கம்பெனிக்காரன் ரீமாஸ்டர் செய்கிறேன் என்று கெடுத்துவிட்டான், ஒரிஜினல் நம் கேசட்தான் என்று சொன்னேன். நம்பினார்கள். ஆரோக்கியதாஸ் கிட்டாரைக்கூட என் கேசட்டுக்குத்தான் சுருதி கூட்டுவான். நாகராசு என்று ஒரே ஒருவர்தான் நம்பவில்லை. சென்னையில் படித்தவர். வேகம் தவறு என்று இரண்டு மாதம் தொடர்ந்து சொன்னார். ஒரு நாள் என் மாடிப்படியில் உருண்டு விழுந்து தாடை உடைந்தது. அந்தப் படி வழுக்கும். நான் தோளில் கை வைத்தது வழியனுப்பத்தான். அதற்கப்புறம் அவர் வரவில்லை, வேகத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

ரகுநாத் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. துபாயில் பல வருஷம் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டுத் தை மாதம் ஊருக்கே திரும்பிவிட்டான். அவனுக்கு அந்த வேலையில் ஆசை வந்ததே என் கடையில் உட்கார்ந்துதான். எனக்குப் பிள்ளை கிடையாது, மேடம். இருந்திருந்தால் அவனைப்போல இருக்கட்டும் என்று நினைத்ததுண்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன பிளேயரும், பிரிக்காத பழைய கேசட் ஒன்றும் கொண்டுவந்தான். அவன் சித்தப்பா கொண்டுவந்ததில் செத்தவன் பாடிய அதே கேசட், அதே வருஷம், அதே கம்பெனி.

"இத ரீமாஸ்டர்னு சொல்ல முடியாதுல்ல, அண்ணே" என்று எல்லோர் முன்னாலும் உறையைப் பிரித்தான். குத்திக்காட்டவில்லை. பரிசு கொடுக்கிற முகத்தோடுதான் செய்தான்.

பாட்டு ஓடியது. யாரும் எழுந்து குதிக்கவில்லை. ஆரோக்கியதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷர்லி அழுதாள். உதடு கிழிந்தபோது அழாதவள்.

"நாம கோவம்னுல்ல நெனச்சோம். இந்தாளு அழுதுகிட்டு இருந்திருக்காரு. இத்தன வருசமா அது தெரியாம இங்க கெடந்து குதிச்சிருக்கோம்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மோட்டாரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, அந்தக் காலத்தில் கரண்டும் ஏறி இறங்கும் என்றேன். ரகுநாத்தும் எனக்காகப் பரிந்து பேசினான். "அண்ணன் மேல தப்பு இல்ல. அவருக்கு எப்படித் தெரியும்?" என்றான். ஆனால் அவன் நெற்றி சுருங்கியிருந்தது. கிளம்பும்போது படியில் நின்று சொன்னான்: "மோட்டார் தேஞ்சா வேகம் கொறையத்தான் செய்யும், அண்ணே. ஏறாது. அதான் வெளங்க மாட்டேங்குது. புதன்கிழமை வாரேன், டெக்கக் கழட்டிப் பாத்துருவோம்." கீழே ஷர்லி, அடுத்த மாதம் பொன்னமராவதியில் ரகுநாத் வீட்டிலேயே கூடலாம், எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து சரியாகக் கேட்கலாம் என்று சொல்வது கேட்டது. சரி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆரோக்கியதாஸும் சொன்னான்.

அது எனக்கு வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்காகவும் செய்யவில்லை. அவர்களுக்கென்று இருந்தது மாதத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதைப் பிடுங்கி, அழுவதற்கு ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வார்கள்? ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் மூத்தவன் நான்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தான். எனக்கு மிக்சர் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். செராக்ஸ் மெஷினை அணைத்தேன். அவன் டெக்கின் மூடியைக் கழற்றி, மோட்டாரை ஓடவிட்டு, குனிந்து அதோடு ஒரு காதை ஒட்டவைத்துக் கேட்டான். அவன் சின்ன வயதில் நான் கற்றுக்கொடுத்த பழக்கம். பிறகு மோட்டாரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

"அந்த நீட்டு ஸ்க்ரூடிரைவரக் குடுங்கண்ணே" என்றான். எடுத்தேன். அவன் தலையைத் தூக்காமல், "அண்ணே, இங்க பாருங்களேன்..." என்று ஆரம்பித்தான். என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியாது.

அவனுடைய மற்ற காது என் பக்கம் இருந்தது.

பாதிக்கு மேல் போகவில்லை, எலும்பு தடுத்தது. உள்ளங்கையால் பிடியைத் தட்டினேன். அவன் கத்தவில்லை. வாந்தி எடுப்பதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. மேசையைப் பிடித்து இழுத்தான். டெக் விழுந்துவிடுமே என்று அதை அப்பால் நகர்த்தி வைத்தேன். அதற்குள் எழுந்து வாசல் பக்கம் நாலு எட்டு போய்விட்டான், காதில் அது நீட்டிக்கொண்டிருக்க. அப்படியே வெளியே போயிருந்தால் ஜிப்மர், வேலூர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கஷ்டப்பட்டிருப்பான். பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கித் தலையில் போட்டேன். ஒரு தடவை போதும் என்று நினைத்தேன். போதவில்லை. முகம் அடையாளம் தெரியாமல் போனது அதனால்தான். அவன் அம்மாவிடம் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவன் கொண்டுவந்திருந்த கேசட்டின் நாடாவை உருவிக் கத்தரித்தேன். என் கேசட்டைப் போட்டேன். அவன் கால் கொஞ்ச நேரம் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. தாளத்தில் இல்லை. ஒரு பக்கம் முடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கித் துடைத்து உறையில் போட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

வெளியே ஷர்லியின் குரல் கேட்கிறது. ஆரோக்கியதாஸும் வந்திருப்பான். நான் பார்க்க விரும்புவதாகச் சொல்லுங்கள். வர மாட்டார்கள் என்றால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் புரிந்துகொள்வார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஸ்க்ரூடிரைவரை நீங்கள் பையில் போட்டு முத்திரை வைத்தீர்களே, அதைத் துருப்பிடிக்க விடாதீர்கள். மோட்டாரின் பின்னால் ஊசி நுழைகிற அளவு ஓட்டைதான் இருக்கும். உள்ளே ஒரு திருகு, அதன் மேல் கம்பெனிக்காரன் வைத்த சிவப்பு மை. மையை உடைத்து அந்தத் திருகைப் பிடிக்க அது ஒன்றால்தான் முடியும், அந்தக் கேசட்டுகள் வந்த அன்றைக்கே மற்றதையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் திருகியது கால் சுற்றுகூட இருக்காது, மேடம். எவ்வளவு வேகமாகப் பாட வேண்டும் என்பது அந்த சியாட்டில் பையனுக்குத் தெரிந்திருக்கவில்லை.